டோர் ரிலே நடத்துவதால் வங்கி கதவடைத்தால்

டோர் என்பது, இணையத்தில் உலவுபவரின் அடையாளத்தை மறைக்க அவரது தரவைத் தன்னார்வலர்களின் கணினிகள் பலவற்றின் வழியே அனுப்பும் வலையமைப்பு. அந்தக் கணினிகளுக்கு ரிலே என்று பெயர். என் வீட்டு இணைய இணைப்பில் அப்படி நடுவில் நிற்கும் ஓர் இடைநிலை ரிலே ஓடுகிறது. முகம் தெரியாதவர்களின் அந்தரங்கத்துக்கு என்னால் முடிந்த உதவி அது. அதற்காகவே என் வங்கி தன் தளத்தை எனக்கு அடைத்தது. திரையில் "அணுகல் மறுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி, அதன் அடியில் நீண்ட குறிப்பு எண். இதைப் பொறுத்துக்கொண்டு ரிலேயை நிறுத்த வேண்டியதில்லை.

முதலில், தடை உங்கள் ஐபி முகவரியின் மீதுதானா, அதாவது உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணின் மீதுதானா என்று பாருங்கள். அதே கணினியைக் கைப்பேசியின் இணையத்தோடு இணையுங்கள். அதில் தளம் திறந்து, வீட்டு இணைப்பில் மறுத்தால் சந்தேகம் தீர்ந்தது. பிழைத் திரையைப் படமெடுத்து, தேதி, நேரம், ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பு எண் மிக முக்கியம்: எந்த விதி உங்களைத் தடுத்தது என்பதைப் பாதுகாப்புக் குழு அதைக் கொண்டுதான் தேடும்.

உங்கள் வாதத்தின் உயிர் இதுதான்: டோரில் ஒருவரின் தரவு வழக்கமாக மூன்று ரிலேக்களைக் கடக்கிறது. இணையதளத்தைத் தொடுவது கடைசியில் நிற்கும் வெளியேறும் ரிலே மட்டுமே. இடைநிலை ரிலே வழியாக எந்த டோர் பயனரும் வங்கியின் வாசலுக்கு வர முடியாது. ஆனால் ரிலேக்களின் முகவரிகள் எல்லாம் பொதுப் பட்டியலில் இருப்பதால், சில தடுப்புப் பட்டியல்கள் அத்தனையையும் அள்ளிப் போட்டுக்கொள்கின்றன. வெளியேறும் ரிலேக்களின் முகவரிகளை மட்டும், டோர் மென்பொருளை உருவாக்கும் அமைப்பான டோர் திட்டம் தனியாகவே வெளியிடுகிறது. அதை எடுத்துப் பயன்படுத்தக் காசும் கேட்பதில்லை. இந்தச் சோம்பலுக்கு வாடிக்கையாளர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

சான்றுக்கு, டோர் திட்டத்தின் எக்ஸோனரேட்டர் பக்கத்தில் உங்கள் முகவரியையும் தடை நேர்ந்த தேதியையும் கொடுங்கள். அது ரிலேயா, வெளியேறும் ரிலேயா என்று தனித்தனியே காட்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

தொலைபேசியில் பேசினால் உலாவியின் தற்காலிகக் கோப்புகளை அழிக்கச் சொல்லித்தான் அனுப்புவார்கள். எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். நான் எழுதியது இப்படி:

"என் முகவரியில் இயங்குவது இடைநிலை ரிலே. அதன் வழியாக அயலார் எவரும் உங்கள் தளத்தை அடைய முடியாது. அங்கிருந்து உள்நுழைபவன் உங்கள் வாடிக்கையாளனாகிய நானே. தடுப்புப் பட்டியலில் வெளியேறும் ரிலேக்களை மட்டும் வைக்கும்படி வேண்டுகிறேன். இக்கடிதத்தைத் தகவல் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பி, எழுத்துப்பூர்வமாகப் பதில் தாருங்கள்."

உங்கள் ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குத் தருவதாகச் சொல்லக்கூடும். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். வீட்டு ஐபி முகவரி மாறினால் மறுபடியும் தடைதான். உங்களைப் போன்ற மற்றவர்களுக்கோ அந்த விலக்கால் பயனே இல்லை.

நீங்கள் நடத்துவது வெளியேறும் ரிலே என்றால் இந்த வாதம் நிற்காது. அதை வாடகை சர்வரில் தனி முகவரிக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் வைக்க வேண்டாம் என்றே டோர் திட்டமும் சொல்கிறது.

வங்கி மறுத்தால், அல்லது பதிலே தராவிட்டால், அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பிறகு உங்கள் நாட்டில் வங்கிப் புகார்களை விசாரிக்கும் அமைப்புக்குப் போங்கள். அங்கே வலையமைப்பு நுட்பத்தை நீட்டி விளக்க வேண்டாம். சட்டப்படியான ஒரு செயலுக்காகக் காரணம் சொல்லாமல் சேவை மறுக்கப்பட்டது என்று தொடங்கி, புகார் எண்ணையும் அச்செடுத்த பக்கத்தையும் இணைத்துவிடுங்கள்.