மௌன நகைச்சுவைப் படச் சுருள்கள்: சேர்க்கத் தொடங்குவது எப்படி?

லாரல், ஹார்டி நடித்து 1927-இல் வந்த ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’யில் ஒரு தெருவே கிரீம் பலகாரத்தை ஒருவர் முகத்தில் ஒருவர் வீசிக்கொள்ளும். அந்தக் காட்சி உள்ள இரண்டாம் ரீல் முழுதாகக் கிடைக்காமலே பல பத்தாண்டுகள் போயின. 2015-இல் அகப்பட்டது, தனியார் ஒருவரின் சேகரிப்பில் இருந்த 16 மி.மீ. அகல பிலிம் பிரதி அது! சுருள் சேர்க்கும் இந்தப் பொழுதுபோக்கில் நான் விழுந்ததே அதற்காகத்தான்.

1. முதலில் கண்ணைப் பழக்குங்கள்

சுருள் வாங்க அவசரம் வேண்டாம். மியூச்சுவல் நிறுவனத்துக்காக சாப்ளின் 1916-17-இல் எடுத்த 12 குறும்படங்களின் புதுப்பித்த டிஸ்க்கை வாங்குங்கள். ‘ஒன் ஏ.எம்.’ படத்தில் குடித்துவிட்டு வீடு திரும்பும் சாப்ளின், ஏறக்குறைய தனி ஆளாகவே படம் முழுக்க மாடியேறப் போராடுவார். அடுத்து பஸ்டர் கீட்டனின் ‘ஒன் வீக்’ (1920). வீட்டின் பாகங்கள் வந்த பெட்டிகளின் எண்ணை யாரோ மாற்றிவிட, புதுமணத் தம்பதி கோணல்மாணலாக வீடு கட்டும் கதை.

2. வேகத்தைக் கவனியுங்கள்

அன்றைய கேமராவைக் கையால், பெரும்பாலும் மெதுவாகவே சுழற்றினார்கள். அதில் எடுத்த படத்தை நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் ஓட்டினால் ஆட்கள் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். நடிப்பின் நுணுக்கம் போய்விடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள புரொஜெக்டரே நல்லது.

3. முதல் சுருள்

வீடுகளுக்கென்றே பிரதி விற்ற அமெரிக்க நிறுவனம் பிளாக்ஹாக். அதன் சூப்பர் 8 (8 மி.மீ. அகல பிலிம்), 16 மி.மீ. பிரதிகளில் தொடங்கலாம். பழைய 35 மி.மீ. பக்கம் போகாதீர்கள். அது நைட்ரேட் என்ற பழைய பிலிம் வகையாக இருந்தால் எளிதில் தீப்பற்றும். பற்றினால் தண்ணீரிலும் அணையாது. மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாயிடின் ஆரம்பகாலப் படங்கள் பல, 1943-இல் அவர் வீட்டுப் பெட்டகத்தில் பிடித்த தீயில்தான் அழிந்தன.

வாங்குமுன் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால் பிலிமின் அடிப்பொருளான அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஓரத்துளைகள் கிழிந்திருக்கிறதா என்று சில அடி நீளம் விரலால் தடவிப் பாருங்கள். பழைய கோடாக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் எனக் குறிகள் இருக்கும். அவை பிலிம் தயாரான ஆண்டைக் காட்டும், படம் வெளியான ஆண்டை அல்ல.

4. பாதுகாப்பு

குளிர்ச்சியான, ஈரமில்லாத இடம். நெடி வரும் சுருளை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

5. ஒப்பிடுங்கள்

உங்கள் பிரதியையும் டிஸ்க்கையும் அடுத்தடுத்து பாருங்கள். டிஸ்க்கில் இல்லாத ஒரு காட்சி உங்கள் சுருளில் இருந்தால், மூன்றே நொடி என்றாலும், குறித்துவைத்து ஒரு திரைப்பட ஆவணக்காப்பகத்துக்கு எழுதுங்கள்.