எடைக் குறைப்பில் ஓர் இடைவேளை
ஐந்து மாதத்தில் 84 கிலோவிலிருந்து 76-க்கு இறங்கினேன். அப்புறம் எடை நகரவே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு டப்பாவைத் திறந்து கடலை மிட்டாயை எண்ணிக்கொண்டு நிற்பேன், அவ்வளவு பசி. சரி, இரண்டு வாரம் இருக்கிற எடையை மட்டும் காப்பாற்றுவோம் என்று முடிவு செய்தேன்.

காலையில் இரண்டு இட்லி நான்கானது. மதியம் இன்னொரு கரண்டி சோறு, மாலையில் சுண்டல். நடையை விடவில்லை. மூன்றாம் நாளே ஒரு கிலோ ஏறியதும் வயிறு கலங்கியது. ஆனால் அது கொழுப்பு இல்லை. மாவுச்சத்து கூடினால் உடலில் கிளைக்கோஜன், அதாவது உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை, சேரும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துக்கொள்ளும். இது தெரியாமல் பயந்து மறுபடி பட்டினி கிடந்துவிடாதீர்கள்.

பத்தாம் நாள் 76.6-ல் நின்றது. நல்ல தூக்கம் வந்தது. பதினைந்தாம் நாள் மறுபடி இரண்டு இட்லி. அடுத்த வாரம் 75.4.