பாலாற்றைச் சுற்றி 70 கிலோமீட்டர்: வேலூரிலிருந்து முதல் நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குத் திட்டமிடுவது எப்படி?

வேலூரில் புதிதாக சைக்கிள் வாங்குகிறவர்கள் கோட்டையைச் சுற்றுவார்கள். கொஞ்சம் தைரியம் வந்ததும் ஹைவேயில் நேராகப் போய், அதே வழியில் திரும்புவார்கள். இரண்டுமே சீக்கிரம் சலித்துவிடும். பாலாறு நம் ஊரை ஒட்டியே போகிறது. பல மாதங்கள் வெறும் மணல்தான், ஆனாலும் தென்கரையில் போய் வடகரையில் திரும்ப அருமையான வழி அது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் பாதை இது: வேலூர், விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, குடியாத்தம், கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி, மறுபடி வேலூர். மொத்தம் சுமார் 70 கிலோமீட்டர் வரும்.

1. முதலில் பாலத்தைப் பாருங்கள்

ஆற்றைச் சுற்றிப் போகும்போது தூரத்தை முடிவு செய்வது பாலங்கள்தான். வரைபடத்தைத் திறந்ததும் ஊர்களைத் தேடாதீர்கள், ஆற்றைக் கடக்கும் இடங்களைக் குறியுங்கள். நம் பாதையில் அவை இரண்டு. ஒன்று, பள்ளிகொண்டாவிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் உள்ள பாலம். மற்றொன்று காட்பாடிக்கும் வேலூருக்கும் நடுவே, விருதம்பட்டுப் பக்கம் இறங்கும் பாலம். இந்த இரண்டையும் குறித்தாலே சுற்று முடிவாகிவிடும், மற்றதெல்லாம் நடுவில் தானாக வந்து உட்காரும்.

வழியில் குறுக்கே தரைப்பாலங்களும் கண்ணில் படும். வறண்ட காலத்தில் ஆசை காட்டும் குறுக்குவழிகள் அவை. ஐப்பசி, கார்த்திகையில் அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலாறு எப்படிப் புரண்டு ஓடியது என்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே மழையே இல்லாவிட்டாலும் மேலே கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் பெய்தால் தண்ணீர் வந்துவிடும். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், உயரமான பாலத்தின் நிழல் மணலில் விழுவது தெரியும். தரைப்பாலத்துக்கு அப்படி நிழல் தெரியாது.

2. எந்தத் திசையில் சுற்றுவது?

மேற்கே முதலில் போங்கள். பாலாறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அப்படியென்றால் குடியாத்தம் பக்கம் போவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏற்றம், காட்பாடி பக்கம் வருவது மெல்லிய இறக்கம். கால் புதிதாக இருக்கும்போது ஏறிவிட்டு, சோர்ந்த பிறகு இறங்குவது நல்லது. ஆடி மாதத்தில் இன்னொரு லாபமும் உண்டு. மேற்கிலிருந்து வரும் காற்று வெயில் ஏறஏறத்தான் பலக்கும். அந்த நேரத்தில் நீங்கள் கிழக்கே திரும்பியிருப்பீர்கள், காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளும்.

நிழலே இல்லாத ஹைவே பகுதியும் இந்தத் திசையில் விடியற்காலையிலேயே முடிந்துவிடும்.

3. நேரக் கணக்கு

புதியவர்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டீ, டிபன், ஒரு பஞ்சர் என்று இன்னும் ஒரு மணி நேரம் சேருங்கள். ஐந்தரைக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்கு வீடு. மார்கழி, தை, மாசியில் இது சுகமான கணக்கு. சித்திரை, வைகாசியில் வேண்டவே வேண்டாம். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் பதினோரு மணித் தார்ச்சாலை ஆபத்து. வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு திருவிழா வேறு. அன்று ஊருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூடப் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கிளம்புங்கள். திரும்பும்போது காட்பாடி நெரிசல் கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

4. சாலையில்

வேலூர் முதல் பள்ளிகொண்டா வரை சர்வீஸ் ரோடு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதில் போங்கள். அது முடிந்து பிரதான சாலைக்கு ஏறும் இடத்தில் நின்று, திரும்பிப் பார்த்து, பிறகு இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே செல்லுங்கள். விடியற்காலை லாரி ஓட்டுநர் இரவெல்லாம் விழித்திருப்பார். பின்னால் சிவப்பு விளக்கு எரியாமல் ஹைவேயில் ஏறக் கூடாது, இதில் சலுகையே கிடையாது.

விரிஞ்சிபுரத்தில் பத்து நிமிடம் நிற்கலாம். மதிலழகுக்குப் பேர்போன மார்க்கபந்தீஸ்வரர் கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. உள்ளே சூரிய நிழலால் நேரம் காட்டும் கல்லும் உண்டு. பள்ளிகொண்டாவில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கே சாலையைக் குறுக்கே வெட்டிக் கடக்காமல், ஹைவே மேம்பாலத்துக்கு அடியில் உள்ள வழியில் செல்லுங்கள். டிபனைக் குடியாத்தத்துக்கு வைத்துக்கொண்டால் ஏறக்குறைய பாதி வழி முடிந்திருக்கும். நான்கு இட்லி போதும், பொங்கல் வேண்டாம், அடுத்த 10 கிலோமீட்டருக்குத் தூக்கம் வரும்.

5. முள்

இந்தப் பாதையில் உங்களை நிறுத்தப்போவது பெரும்பாலும் சீமைக்கருவேல முள்தான். ஆற்றோரம் முழுக்க அந்த மரம்தான். வெட்டி ஏற்றிப்போகும் வண்டிகளிலிருந்து சாலையிலும் உதிர்ந்து கிடக்கும். அதனால் கூடுதலாக இரண்டு டியூப், இரண்டு டயர் லீவர் (டயரை நெம்பிக் கழற்றும் பட்டை), கைப்பம்பு கட்டாயம்.

டியூபை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பழைய டியூபை உருவியதும் புதியதை அவசரமாக மாட்டாதீர்கள். டயரின் உட்புறத்தில் விரல் நுனியால் மெதுவாக, சுற்று முழுக்கத் தடவுங்கள். வெளியே முறிந்துபோன முள்ளின் முனை உள்ளே மயிரிழை அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதை வெளிப்பக்கமாகத் தள்ளி எடுத்த பிறகே புதிய டியூப். எடுக்காவிட்டால் அதே முள் அடுத்த டியூபையும் குத்தும். வீட்டில் ஒரு தடவை செய்து பழகிவிட்டு வாருங்கள்.

கிளம்பும் முன் சீட் உயரமும் சரியாக இருக்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மடங்கியே இருந்தால் குடியாத்தம் வருவதற்குள் முட்டி வலிக்கும்.

6. தண்ணீர், அப்புறம் தப்பிக்கும் வழி

இரண்டு பாட்டில், ஒன்றில் உப்பும் எலுமிச்சையும். தாகம் எடுக்கக் காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் குடியுங்கள். கடலை மிட்டாய் சட்டைப்பையில் இருக்கட்டும்.

முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இந்தப் பாதையை நான் புதியவர்களுக்குச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். குடியாத்தத்திலிருந்து காட்பாடி வரை ஊர்கள் அடுத்தடுத்து வரும். எந்த ஊரில் கேட்டாலும் சைக்கிளை ஏற்ற ஒரு குட்டி யானையோ லோடு ஆட்டோவோ கிடைக்கும். வீட்டில் ஒருவருக்குப் பாதையையும், ஒவ்வொரு ஊருக்கும் உத்தேச நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இது பழகிவிட்டால் அடுத்து கிழக்கே: தென்கரையில் ஆற்காடு, பாலத்தைத் தாண்டி ராணிப்பேட்டை, வடகரையில் திருவலம் வழியாகக் காட்பாடி. அதற்குப் பிறகு ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் என்று பெரிய சுற்று. அது 100 கிலோமீட்டரைத் தாண்டும். ஆம்பூரில் பிரியாணியை மட்டும் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பிட்டுவிட்டுப் பெடல் மிதிக்க முடியாது.