ரயிலில் பின்னிய இரண்டு நிறச் சுருள்

மும்பையில் மாட்டுங்காவிலிருந்து தாணே போகும் ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் என் கையில் குரோஷா ஊசி வந்துவிடும். 4 மி.மீ. ஊசி, நீலமும் மஞ்சளுமாகப் பருத்தி நூல், இரண்டு ஊக்கு. டம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டக் கோஸ்டர் பின்ன அவ்வளவுதான் வேண்டும்.

மாய வளையத்துக்குள் (வால் நூலை இழுத்தால் இறுகும் நூல் வளையம்) நீலத்தில் ஒரு சிங்கிள் (குட்டைத் தையல்), ஒரு ஹாஃப் டபுள் (நடுத்தர உயரம்), நான்கு டபுள் (உயரமான தையல்) போடுங்கள். கடைசிக் கண்ணியை நீட்டி ஊக்கில் மாட்டுங்கள். அதே வளையத்தில் மஞ்சளிலும் அதே ஆறு. அப்புறம் வளையத்தை இறுக்குங்கள்.

ஊக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சயானில் கூட்டம் ஏறிய ஒரு நாள், மாட்டாமல் விட்ட கண்ணியை யாரோ ஒருவரின் பை இழுத்துவிட்டது. குர்லா தாண்டியும் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்!

இனி மஞ்சள்மேல் நீலம், நீலத்தின்மேல் மஞ்சள். ஒவ்வொரு தையலிலும் இரண்டு டபுள், மொத்தம் 24. அடுத்த சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, 36. அதற்கடுத்து மூன்றாவதில் மட்டும் இரண்டு, 48. சுற்றை எங்கேயும் மூடக் கூடாது, சுருள் வருவதே அதனால்தான்.

ஓரம் அப்பளம்போல நெளிந்தால் தையல் கூடிவிட்டது. கிண்ணமாகக் குவிந்தால் குறைந்துவிட்டது. முடிக்கும்போது இரு நிறத்திலும் ஹாஃப் டபுள், சிங்கிள், எல்லாவற்றிலும் குட்டையான ஸ்லிப் தையல் என்று இறங்குங்கள். இல்லாவிட்டால் வால் துருத்திக்கொண்டு நிற்கும். என் முதல் கோஸ்டரில் இன்னும் நிற்கிறது, காபி டம்ளர் அதன்மேல் கொஞ்சம் சாய்வாகத்தான் உட்காரும்.