ஜமைக்கா சம்பந்தி வீட்டு வம்சாவளியைத் தேடுவது எப்படி?

ஓசூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வேலைக்காக அமெரிக்கா சென்ற பிள்ளைகள் அங்கேயே மணம் முடிப்பது இன்று புதிய செய்தியாக இல்லை. பெண்ணோ மாப்பிள்ளையோ, ஜமைக்காவிலிருந்து நியூயார்க்கிலும் புளோரிடாவிலும் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால், பேரப்பிள்ளை பிறந்த பிறகு ஒரு கேள்வி கட்டாயம் எழும். நம் பக்கத்தில் பங்காளிகளைக் கேட்டால் ஐந்து தலைமுறை சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் பாட்டிக்கு மேல் யாருக்கும் தெரியவில்லையே, எங்கே போய்க் கேட்பது? கிருஷ்ணகிரியில் ஒரு கணினியின் முன் அமர்ந்தே இந்தத் தேடலின் பெரும்பகுதியை முடித்துவிடலாம். வருவாய்த்துறையில் வாரிசு விசாரணை நடத்திப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு இதன் அடிப்படை விதியும் பழகியதுதான்: பெயரை நம்பி ஓடாமல் முதலில் ஊரைப் பிடிக்க வேண்டும்.

ஜமைக்காவில் ஊர் என்றால் பாரிஷ். அந்தத் தீவு 14 பாரிஷ்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் எல்லாம் பாரிஷ் வாரியாகத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. எனவே ‘ஜமைக்காவிலிருந்து வந்தவர்’ என்ற தகவலோடு அந்நாட்டுப் பதிவேடுகளைத் திறப்பது வீண் வேலை. 1867ஆம் ஆண்டுக்கு முன் பாரிஷ்கள் 22 இருந்தன என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். வேர் என்ற பாரிஷ் கிளாரண்டனில் சேர்ந்தது. மெட்காஃப், செயின்ட் மேரியோடு இணைந்தது. செயின்ட் டேவிட், செயின்ட் தாமஸில் கரைந்தது. கிருஷ்ணகிரிக்காரர் ஒருவரின் பழைய ஆவணத்தைத் தேடுகிறவர், 2004க்கு முன் தருமபுரி மாவட்டத்திலும் 1965க்கு முன் சேலம் மாவட்டத்திலும் பார்க்க வேண்டியிருப்பதைப் போன்றதுதான் இதுவும்.

ஆனால் அந்தப் பாரிஷின் பெயர் பெரும்பாலும் அமெரிக்கத் தாள்களில்தான் கிடைக்கும். ஆகவே அமெரிக்காவில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுங்கள். தீவுக்குள் முதலிலேயே குதிக்காதீர்கள்.

பெரியவர்களைக் கேட்பது

எந்த இணையதளத்தையும் திறக்கும் முன், சம்பந்தி வீட்டில் வயதில் மூத்த பெண்ணிடம் பேசுங்கள். நமக்கு மாலை ஏழு மணி என்றால் ஜமைக்காவில் அதே நாள் காலை எட்டரை மணி; அங்கே இருக்கும் அத்தையையோ சித்தியையோ அழைக்க அதுவே நல்ல நேரம். முதலில் மருமகளோ மருமகனோ பேசி அனுமதி வாங்கிய பிறகே நீங்கள் பேச வேண்டும். எந்தப் பாரிஷ், சந்தைக்கு எந்த ஊருக்குப் போவார்கள், எந்தத் தேவாலயம், பாட்டியை எங்கே அடக்கம் செய்தார்கள், அந்த மூத்தவரைச் சிறுவயதில் வளர்த்தது யார் என்று கேளுங்கள். தாய் வேலைக்காக அமெரிக்கா சென்றுவிட, பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைகள் அக்குடும்பங்களில் மிகுதி என்பதால் கடைசிக் கேள்வி முக்கியமானது. வீட்டில் கூப்பிடும் பெயரையும் பதிவுப் பெயரையும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் ‘சின்னபாப்பா’ என்று அறுபது ஆண்டுகள் அழைக்கப்பட்டவரின் பத்திரப் பெயர் வேறாக இருப்பதைப் போல அங்கேயும் உண்டு.

இன்னொரு பொருளைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள்: இறுதிச் சடங்கின்போது அச்சிட்டு வழங்கும் சிறு புத்தகம். ஜமைக்கக் குடும்பங்களில் இறந்தவரின் படம், பிறந்த நாள், பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், முன்பே காலமானோர், எந்தெந்த நாட்டில் யார் இருக்கிறார்கள் என்பது வரை அதில் எழுதியிருப்பார்கள். ஒரு பெரியம்மாவின் பீரோவில் இத்தகைய புத்தகங்கள் கட்டாக இருக்கக்கூடும். அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொன்னால் பாதி மரம் அன்றே எழுந்து நிற்கும். குடும்ப பைபிளின் முன்பக்கத் தாள்களையும் படமெடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். அங்கே பல தலைமுறைகளாகத் திருமணப் பதிவு இல்லாமலேயே சேர்ந்து வாழ்ந்து பிள்ளை பெற்ற குடும்பங்கள் ஏராளம்; அது அச்சமூகத்தில் குறைவான வாழ்க்கையாகக் கருதப்பட்டதில்லை. ‘அப்பா பெயர் ஏன் இல்லை?’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்துக் கேட்டால் தேடல் அன்றோடு நின்றுவிடும். உறவிலும் கசப்பு விழும்.

எந்தக் காலத்தில் வந்தார்கள்?

வந்த காலம் தெரிந்தால் எந்த ஆவணம் கிடைக்கும் என்பதும் தெரிந்துவிடும். 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்கு முன் வந்தவர்கள் கிங்ஸ்டனிலிருந்தும் போர்ட் அன்டோனியோவிலிருந்தும் கப்பலேறியவர்கள். வாழைக்குலை ஏற்றிச் சென்ற யுனைட்டெட் ஃப்ரூட் நிறுவனத்தின் கப்பல்களிலேயே பலர் பயணம் செய்தனர். அச்சட்டத்துக்குப் பின் வரவு வெகுவாகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல், பண்ணை வேலைக்கு ஒப்பந்தத்தில் ஆண்கள் கொண்டுவரப்பட்டனர். 1952ஆம் ஆண்டின் சட்டம் ஜமைக்கா போன்ற ஒவ்வொரு காலனி நாட்டுக்கும் ஆண்டுக்கு 100 பேர் என்று வரம்பு கட்டியது. 1965ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின்தான் செவிலியர்களும் வீட்டு வேலைக்கு வந்த பெண்களும் பெருமளவில் வந்தார்கள். கமலா ஹாரிஸின் தந்தையைப் போல 1960களின் தொடக்கத்தில் மாணவராக வந்தோரும் உண்டு. அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரமும், தந்தையின் ஊரான செயின்ட் ஆன் பாரிஷின் பிரவுன்ஸ் டவுனும் ஒரே மரத்தில் சேர்ந்த கதையை நம்மவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

1965க்குப் பின் வந்தவர்களின் தாள்கள் இன்னும் பொதுப் பார்வைக்கு வரவில்லை. அவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களிடமே பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றும் இருக்கும். ஆகவே அமெரிக்க ஆவணங்களைத் தாண்டி நேரே தீவுக்குச் செல்லலாம். முன்பே வந்தவர்களுக்குத்தான் அடுத்து வரும் பகுதி.

கப்பல் பட்டியலும் பிற தாள்களும்

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகள் கழித்தே வெளியிடப்படுகின்றன. 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. 1900 முதல் 1930 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளில், வெளிநாட்டில் பிறந்தவர் எந்த ஆண்டு வந்தார் என்ற கட்டம் இருக்கிறது. அந்த ஆண்டை வைத்துக்கொண்டு கப்பல் பயணிகள் பட்டியலுக்குச் செல்ல வேண்டும். மனிதர்கள் தங்கள் வருகை ஆண்டைத் தோராயமாகச் சொல்லியிருப்பார்கள் என்பதால் முன்னும் பின்னும் சில ஆண்டுகள் சேர்த்தே தேடுங்கள். பிறந்த இடத்தைப் பெரும்பாலும் ‘ஜமைக்கா’ அல்லது ‘பிரிட்டிஷ் வெஸ்ட் இண்டீஸ்’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியிலேயே ஜமைக்கா என்று ஒரு வட்டாரம் உண்டு. பாஸ்டனில் ஜமைக்கா பிளெயின் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் கிங்ஸ்டன் என்று ஓர் ஊரும் உண்டு. மறுபுறம், ஜமைக்காவின் பாரிஷ்களில் மான்செஸ்டர், வெஸ்ட்மோர்லாண்ட் என்ற பெயர்களைப் பார்த்து இங்கிலாந்து என்று எண்ணிவிடக் கூடாது. கடைசியாக வசித்த இடம் என்ற கட்டத்தில் பனாமா அல்லது கியூபா இருந்தாலும் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டதாக நினைத்து ஒதுக்காதீர்கள். கால்வாய் வெட்டவும் கரும்பு வெட்டவும் அந்நாடுகளுக்குச் சென்று, அங்கிருந்து நியூயார்க் வந்த ஜமைக்கர்கள் மிகப் பலர்.

1907க்குப் பிந்திய கப்பல் பட்டியலைக் கையில் எடுத்தால் அது எவ்வளவு பெரிய களஞ்சியம் என்பது புரியும். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளை விசாரித்து அனுமதித்த எல்லிஸ் தீவில் இறங்கியவர்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இடப்பக்கத் தாளில் பெயர், வயது, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்பவற்றுக்குப் பின், நாடு ‘பிரிட்டிஷ்’ என்றும் இனம் ‘ஆப்பிரிக்கன்’ என்றும் இருக்கும். அதைத் தொடர்ந்து, விட்டு வந்த நாட்டில் நெருங்கிய உறவினர் யார், அவர் முகவரி என்ன என்ற கட்டம் வரும். ‘தாய், இன்னார், இன்ன ஊர்’ என்று அதில் ஒரே வரியில் எழுதியிருப்பதுதான் நாம் தேடும் சாவி. பட்டியல் அத்தோடு முடிவதில்லை. வலப்பக்கத் தாள் தனிப் படமாக அடுத்து இருக்கும். தேடல் முடிவில் தோன்றும் முதல் படத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பயணச் செலவு யார் கொடுத்தது, கையில் 50 டாலர் இருக்கிறதா, யாரிடம் போகிறார், அவர் என்ன உறவு, எந்தத் தெரு, உயரம், உடலில் உள்ள அடையாளம், பிறந்த ஊர் ஆகியவை அந்த இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதே பக்கத்தில் முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் படியுங்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே தெருவுக்குப் போகும் இன்னொருவர் அக்காவாகவோ மைத்துனராகவோ இருக்கக்கூடும்.

குடியுரிமை விண்ணப்பங்களில், 1906 செப்டம்பருக்குப் பிந்தியவை பிறந்த ஊரையும் வந்த கப்பலையும் தெளிவாகச் சொல்கின்றன. 1922 வரை மனைவிக்குக் கணவன் வழியாகவே குடியுரிமை வந்ததால், அக்காலப் பெண்களுக்குத் தனி விண்ணப்பம் கிடைப்பது அரிது. முதல் உலகப் போர்க்காலப் படைப்பதிவு அட்டைகளில் குடிமக்கள் அல்லாத ஆண்களும் இருக்கிறார்கள். 1936 முதல் நிரப்பப்பட்ட சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) விண்ணப்பத்தில் தாயின் கன்னிப் பெயர், அதாவது மணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், இருக்கும். நியூயார்க் நகராட்சி ஆவணக் காப்பகத்தின் பழைய திருமணப் பதிவுகளிலும் அது கிடைக்கும். அவற்றைக் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம்.

தீவின் பதிவேடுகள்

பாரிஷும் தாயின் பெயரும் கிடைத்த பிறகு ஜமைக்காவுக்குச் செல்லலாம். அங்கே அரசுப் பதிவு 1878இல் தொடங்கியது; அதன் படங்கள் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் இணையதளத்தில் இருக்கின்றன; கணக்கு தொடங்கினால் போதும், கட்டணமில்லை. பிறப்புப் பதிவைத் தேடும்போது குழந்தையின் பெயரை வைத்துத் தேடுவது பலன் தராமல் போவதற்குக் காரணம் உண்டு. பதிவின்போது பெயரே இடப்படாமல், பின்னர் ஞானஸ்நானப் பெயர் கடைசிக் கட்டத்தில் சேர்க்கப்பட்டதும் உண்டு, சேர்க்கப்படாமலே போனதும் உண்டு. பெற்றோர் மணமாகாதவர்கள் என்றால் தந்தை பெயர்க் கட்டத்தில் ஒன்றும் இருக்காது. குழந்தை தாயின் குடும்பப் பெயரிலேயே பதிவாகி, வளர்ந்து கப்பலேறும்போது தந்தையின் பெயரோடு சென்றிருக்கும். ஆகவே தாயின் குடும்பப் பெயர், பாரிஷ், தோராயமான பிறந்த ஆண்டு ஆகிய மூன்றையும் வைத்துத் தேடுங்கள். தகவல் கொடுத்தவரின் பெயரையும், அவர் கையெழுத்துக்குப் பதிலாக இட்ட பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் எழுதிய ஊரையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பெரும்பாலும் பாட்டி.

திருமணப் பதிவில் இரு தரப்புத் தந்தையர் பெயரும் இருக்கும். பிள்ளைகள் பெரியவர்களான பிறகு பெற்றோர் மணம் செய்துகொண்டது சாதாரணம் என்பதால், மூத்த பிள்ளை பிறந்ததற்கு இருபது ஆண்டுகள் பின்னும் தேடத் தயங்காதீர்கள். சான்றளிக்கப்பட்ட நகல் தேவையென்றால் ஸ்பானிஷ் டவுனில் உள்ள பதிவாளர் நாயகம் அலுவலகத்துக்கு இணையம் வழியே விண்ணப்பிக்கலாம்.

1878க்கு முன் தேவாலயப் பதிவேடுகளே துணை. ஆங்கிலிக்கன் சபையின் பதிவுப் பிரதிகள் 1664 முதல் 1880 வரை இருக்கின்றன. மொரேவியன், பாப்டிஸ்ட், மெத்தடிஸ்ட் சபைகளுக்குத் தனிப் பதிவேடுகள். குடும்பம் எந்தச் சபை என்று முதலிலேயே கேட்கச் சொன்னதற்கு இதுவே காரணம். அடிமை முறையிலிருந்து விடுதலை பெற்ற காலத்தில் பாப்டிஸ்ட் ஊழியர்கள் நிலம் வாங்கிப் பிரித்துக் கொடுத்து உருவாக்கிய ஊர்கள் உண்டு. செயின்ட் கேத்தரினில் உள்ள ஸ்லைகோவில் அவற்றில் முதலாவது.

அடிமை முறை 1834 ஆகஸ்ட் 1 அன்று சட்டப்படி நீங்கியது; முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1 அன்றுதான் வந்தது. அதற்கு முற்பட்டவர்களைத் தேட 1817 முதல் 1832 வரை மூன்று ஆண்டுக்கொருமுறை எடுத்த அடிமைப் பதிவேடுகள் இருக்கின்றன. அவை பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன, இணையத்திலும் தேடலாம். உடைமையாளர் வாரியாக, ஆளின் பெயர், வயது, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா என்பவை அவற்றில் வரிசையாக இருக்கும். புதிதாகப் பிறந்த குழந்தைக்கு எதிரே தாயின் பெயர் இருக்கும். கால்நடைக் கணக்கு எழுதும் கையால் மனிதர்களை எழுதியிருப்பதைப் படிக்க மனம் தயாராக வேண்டும். சம்பந்தி வீட்டாருக்கு இத்தாளை அனுப்புவதற்கு முன் அவர்கள் பார்க்க விரும்புகிறார்களா என்று கேளுங்கள். தோட்ட உரிமையாளர்களுக்கு பிரிட்டன் அளித்த 2 கோடி பவுண்டு இழப்பீட்டின் விவரங்களை லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஒரு தரவுத்தளமாகத் தொகுத்திருக்கிறது. எந்தத் தோட்டம் யாருடையது என்று அறிய அது உதவும். ஆனால் குடும்பப் பெயரும் தோட்டக்காரர் பெயரும் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து இரத்த உறவு என்று எழுதிவிடாதீர்கள்.

‘அங்கே நம்மாட்கள் இருந்தார்களா?’ என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள். 1845இல் முதல் கப்பல் ஓல்ட் ஹார்பர் பேயில் இந்திய ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது; 1917 வரை சுமார் 36,000 பேர் சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய வட இந்தியர்கள். மதராஸ் வழியாகச் சென்றோர் சிறு பகுதியினர். மரபணுச் சோதனை இதற்கு ஒரு குறிப்பைத் தரலாம். அதைக் காகித ஆதாரத்துக்குத் துணையாக மட்டும் கொள்ளுங்கள். குழந்தையின் எச்சிலைப் பெற்றோர் இருவரின் சம்மதமின்றி அனுப்பக் கூடாது.

கிடைத்ததை எழுதும்போது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு, எந்தப் படம் என்று குறியுங்கள். பிறர் சொல்லக் கேட்டு மட்டும் தெரிந்தவற்றைப் பென்சிலில் எழுதுங்கள். மரத்தை இணையத்தில் ஏற்றினால் உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் பிறந்த நாளையும் மறைத்துவிட்டு, முழுப் பிரதியைச் சம்பந்தி வீட்டாருக்குத் தபாலில் அனுப்புங்கள்.