அமெரிக்க அணுமின் நிலையங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமான என்ஆர்சியிடம் அவசர விலக்கு கேட்பது எப்படி

அவசர டீசல் ஜெனரேட்டர் ஒன்று பழுது. அதைச் சரிசெய்ய டெக்னிக்கல் ஸ்பெசிஃபிகேஷன் (லைசென்ஸோடு வரும் இயக்க விதிகள்) தரும் கெடு பல நிலையங்களில் 72 மணி நேரம், அது தாண்டினால் உலையை நிறுத்தியே ஆக வேண்டும். கெடு விடிந்தால் முடிகிறது, வேலை முடிய மதியம் ஆகிவிடும் என்றால்? இதற்குத்தான் என்ஓஇடி (Notice of Enforcement Discretion) என்ற ஏற்பாடு. விதி அப்படியே இருக்கும், குறிப்பிட்ட சில மணி நேரத்துக்கு அதை மீறியதற்காக நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று என்ஆர்சி சொல்லும், அவ்வளவுதான்.

முதலில் அவசர லைசென்ஸ் திருத்தத்துக்கு, அதாவது லைசென்ஸில் உள்ள விதியையே மாற்றுவதற்கு, நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் வழி. "ஏன் அதைக் கேட்கவில்லை, இதை ஏன் முன்கூட்டியே கணிக்க முடியவில்லை" என்று என்ஆர்சி அதிகாரிகள் போனில் நிச்சயம் கேட்பார்கள்.

நிறுத்தினால் எவ்வளவு நஷ்டம் என்பது அங்கே வாதமே இல்லை. ஓடுகிற உலையை இறக்குவதிலும் ஆபத்து உண்டு, இந்தச் சில மணி நேரம் அப்படியே ஓட்டுவது அதைவிடப் பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும். அதனால் ரிஸ்க் கணக்குப் போடுபவரை ஆரம்பத்திலேயே கூப்பிடுங்கள். கூடுதல் ரிஸ்க் மிகச் சிறியது என்று எண்ணில் காட்டுவதோடு, அதுவரை என்ன காவல் ஏற்பாடு என்பதையும் சொல்லுங்கள்: இன்னொரு டீசல் பக்கம் யாரும் பராமரிப்பு வேலை தொடக்கூடாது, நிலையத்தை வெளி மின்கம்பிகளோடு இணைக்கும் ஸ்விட்ச்யார்டிலும் எந்த வேலையும் கூடாது, இப்படி. நிலையத்தின் பாதுகாப்புக் குழு ஒப்புதல் தந்த பிறகு பேசுங்கள், ஆனால் கடைசி மணி நேரம் வரை இழுக்காதீர்கள், மறுமுனையில் இருப்பவர்களுக்கும் யோசிக்க அவகாசம் வேண்டுமே.

பழுதுக்கு மட்டும் என்றில்லை. 2014 ஜூலையில் ஃபுளோரிடாவின் டர்க்கி பாயின்ட் நிலையத்தில் குளிர்விக்கும் கால்வாய் நீர் சூடேறி 100 டிகிரி ஃபாரன்ஹீட் வரம்பை நெருங்கியபோது இதே வழியில்தான் கேட்டார்கள். அடுத்த மாதமே லைசென்ஸ் திருத்தப்பட்டு வரம்பு 104 ஆனது.

வாய்மொழியாகச் சரி என்று வந்துவிட்டால் இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் அனுப்ப வேண்டும், போனில் சொன்னதற்கும் கடிதத்துக்கும் ஒரு எண்கூட மாறக்கூடாது. அப்புறம், பழுதுக்குக் காரணமே உங்கள் பராமரிப்புக் குறைதான் என்றால் அந்த மீறலை இந்த விலக்கு மூடாது, அதற்கான நடவடிக்கை தனியாக வரும். ஆகவே காரண ஆய்வை அன்றே தொடங்கிவிடுங்கள்.