தோடர் எம்பிராய்டரிக்குக் கூலி போடுவது எப்படி?

நீலகிரி மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) தோடர் பழங்குடிப் பெண்கள் போடும் எம்பிராய்டரிக்கு, 'சால்வைக்கு இவ்வளவு' என்று மொத்தமாகக் கூலி பேசாதீர்கள். படம் வரையாமல், துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடும் தையல் இது; டிசைன் அடர்ந்தால் நேரம் எகிறும்.

முதலில் அதே துணி, அதே சிவப்பு, கறுப்பு நூலில் ஒரு சாண் மாதிரி போடச் சொல்லி நேரம் குறியுங்கள். முழு வேலையும் எத்தனை சாண் வருமோ அதற்கு அந்த நேரத்தைக் கணக்கிட்டு, மணிக்கூலியால் பெருக்குங்கள். தப்பினால் பிரித்துத் திரும்பப் போடும் நேரத்தையும் சேர்க்கணும். பலரும் விடுவது இதைத்தான். துணி, நூல் உங்கள் செலவு.

இழை தெரியும் முரட்டு நெசவாக வாங்குங்கள். நெருக்கமான மில் துணியில் எண்ணிக்கை பிசகும். ஓர் இழை தப்பினாலும் வரிசையே கோணும். வரிசை திரும்பும் இடத்தில் சின்னக் கண்ணியை வேண்டுமென்றே விடுவார்கள். அதைப் பிசிறென்று சொல்லிக் கூலி பிடிப்பது அநியாயம்.